விளையாட்டாய் விண்ணப்பித்தவள்

"உனுக்கே இத்தினி நாளா வேல கெடைக்கல. நீ ஊராருக்கு வேல வாங்கித் தரப் போறியா?" என்றார் சித்தப்பா.

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் எங்கள் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். சனத்நகரில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மா அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். அப்பா பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் ஒப்பந்தத்தில் காய் நறுக்குகிறவர். அம்மா அங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். இருவருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள் நான். பத்தாவது வரை திருப்பத்தூர்ப் பக்கம் மாமா வீட்டிலிருந்து தமிழில் படித்து, பிறகு இங்கே வந்து பி.காம். முடித்தேன். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தது நான்தான். இதை நான் கொஞ்சம் அடிக்கடி சொல்வேன். சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியதில்லை.

சித்தப்பாவுக்குச் சொல்ல மனதுக்குள் ஒரு பதில் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை தேடியவள் நான். இணையத்தில் வேலை விளம்பரம் போடுகிற அத்தனை தளங்களிலும் என் பெயர் இருந்தது. எந்தத் தளம் பதில் போடும், எது போடாது, எதில் 'உங்கள் சுயவிவரம் பார்க்கப்பட்டது' என்று ஒரு செய்தி வந்து, அன்று முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருக்கச் செய்து, அதற்கப்புறம் ஒன்றுமே வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த வேலைக்கு எந்தத் தளத்தில் விளம்பரம் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க என்னைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் முதல் நாள் போனேன்.

பக்கத்து மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறான் சார். நான் அவன் அக்கா. சம்பளம் எவ்ளோ, எங்கிட்ட சொல்லுங்க. பஸ் உண்டா? சாப்பாடு? என்னது, ஆள் வந்தப்புறம் சொல்வீங்களா? அப்ப நக்கோ சார், வேணாம், அவன் தூங்கட்டும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கு நான் ஃபிட்டர், பா. ஜீடிமெட்லா ஃபேக்டரில எட்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்."

அதுதான் அவள். எந்தத் தளத்திலும் விளம்பரம் போடுவதற்கு முன்னால் அவள் அதில் விண்ணப்பம் போடுவாள். கடைசல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் கடைசல்காரனாகி, அவனுக்கு ஒரு பெயர், ஒரு ஊர், பழைய கம்பெனியில் ஒரு சண்டை எல்லாம் வைத்து, நான்கைந்து தளங்களில் பதிவு செய்வாள். எந்தத் தளம் எந்த இடத்தில் அவனைத் திருப்பி அனுப்புகிறது, யார் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பாள். அந்த ஆள் அவளோடு சில நாட்கள் இருப்பான். சமோசா வாங்கினால், "என் ஃபிட்டருக்கு ஒண்ணு" என்று இன்னொன்றை எடுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் அவனை அழித்துவிடுவாள். வருத்தமெல்லாம் கிடையாது. மறுநாள் வேறொருத்தியாக வந்து உட்காருவாள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. கான்வென்ட் படிப்பு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வேலைக்கு வராவிட்டால் வீட்டில் போரடிக்கும் என்பதால் வேலைக்கு வருகிறவள். நான் அவளை முதலில் அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா நக்கோ யார், கிழவி மாதிரி இருக்கு. பேர் சொல்லு" என்றாள். இந்திக்காரர்கள் பேச்சில் வருகிற அந்த 'யார்' என்றால் அவளுக்குத் தோழி. என்னைவிட மூத்தவளை, அதுவும் காரில் வந்து இறங்குகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்த காலம் முழுவதும் 'என்னங்க' என்றே ஓட்டினேன். அவள் பெயரை நான் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. இப்போதும் எழுத வரவில்லை.

நான் பட்டதை அவள் நடித்துக் கற்றுக்கொண்டாள். என் பொறாமை அங்கேதான் தொடங்கியது. நான் ராத்தூக்கம் கெட்டுக் காத்திருந்த அதே தளங்களில் அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே காத்திருந்தாள். நான் வேலை தேடிய கதையை முதல் வாரத்தில் ஒருநாள் அவளிடம் சொன்னேன். பாதியிலேயே, "ஹவ் ஹவ், ஆமா, அந்தப் 'பார்க்கப்பட்டது' மெசேஜ்! அது வந்தா அன்னிக்கு முழுக்க போனைக் கீழயே வைக்க முடியாது இல்ல?" என்று சரியாகச் சொன்னாள். நான் போனைக் கீழே வைக்காதது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஆத்திரம் வந்தது. அவளால் ஏமாறுகிறவர்களும் இருந்தார்கள். இல்லாத ஃபிட்டருக்காக எங்கோ ஒரு கன்சல்டன்சியில் என்னைப் போல ஒருத்தி திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டிருப்பாளே என்று ஒருநாள் கேட்டேன். "அவ நல்லாப் பேசினா நான் அவகிட்ட நல்லாப் பேசறேன், பா" என்றாள். கேள்வி அவளுக்குப் புரியவே இல்லை.

எங்கள் முதலாளியை சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தெலுங்குக்காரர், நல்ல மனிதர், காது மட்டும் சத்தமாகச் சிரிப்பவர்கள் பக்கம் இருக்கும். என்னை வேலைக்கு எடுத்தபோதே அவர் ஒன்று சொல்லியிருந்தார். ஐ.டி. கம்பெனிகளுக்காகக் கொண்டாப்பூரில் ஒரு கிளை திறக்கப் போகிறார். அதன் பொறுப்பு எங்கள் இருவரில் ஒருத்திக்கு. அன்றிலிருந்தே அந்தக் கிளையின் நாற்காலியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை.

சனத்நகரில் பம்ப் செய்யும் ஒரு பட்டறைக்கு மெஷின் ஓட்ட ஆட்கள் வேண்டியிருந்தது. சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் இருப்பதிலேயே பெரிய தளமாகப் பார்த்து எடுத்தேன். அதில்தான் ஆட்கள் அதிகம். நாடு முழுவதும் பார்க்கிறார்கள். விளம்பரம் போட்ட மறுநாளே விண்ணப்பங்கள் கொட்டின. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் திரையை எட்டிப் பார்த்து, "எல்லாரும் பி.டெக். பா" என்றாள்.

பி.டெக்.தான். கொண்டாப்பூர் ஹாஸ்டல்களில் இருந்துகொண்டு, கண்ணில் படும் எல்லா விளம்பரத்தையும் அழுத்திவைக்கிற பிள்ளைகள். நேர்முகத்துக்கு ஒரே ஒருவன் வந்தான். பட்டறை மேனேஜர் அவனை மெஷின் பக்கம் அழைத்துப் போனதும், "சார், இது வீட்டிலிருந்து பார்க்கிற வேலை இல்லையா?" என்று கேட்டானாம். மேனேஜர் எங்களுக்குப் போன் செய்து, கோபப்படாமல், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சார் அதை அவளிடம் மாற்றினார். அவள் மெஷின்காரனாக மாறி நான் எடுத்த தளத்துக்குள் போனாள். மூன்றாவது திரையிலேயே திரும்பி வந்துவிட்டாள்.

"ஈமெயில் கேக்குது. அதுக்கப்புறம் ரெஸ்யூமை ஏத்துன்னு சொல்லுது. என் ஆள்கிட்ட ரெஸ்யூமே இல்ல யார். கேட்டா, வந்து மெஷின் ஓட்டிக் காட்றேன்னு சொல்றான்."

போன் நம்பரைக் கொடுத்து, என்ன வேலை தெரியும் என்று தெலுங்கிலோ இந்தியிலோ வாயால் சொன்னால் போதும் என்றிருக்கும் ஒரு சின்ன ஆப்பை அவள் எடுத்தாள். அந்த வாரமே பட்டறைக்கு ஆட்கள் போய்விட்டார்கள். சார் எல்லோருக்கும் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வரவழைத்தார். அவள் தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் தட்டில் வைத்தாள். அதை நான் சாப்பிடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. எறும்பு வரும்வரை அங்கேயே இருந்தது.

அடுத்து வந்தது எங்கள் பேட்டை வேலை. குஷாய்குடாவில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு, ஈயம் பற்றவைக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும். அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ரேணுகா என்று ஒருத்தியானாள். இரண்டு குழந்தைகள், மாமியார் சிடுமூஞ்சி. அதே பேசுகிற ஆப்பை எடுத்தாள். பெயர்கள் நிறைய வந்தன. ஆனால் கூப்பிட்டால் ஆண்கள் எடுத்தார்கள். "யாரு? எதுக்கு? அவ இங்க இல்ல" என்று வைத்துவிட்டார்கள். ஒருத்தன் இவளிடமே, "என் பொண்டாட்டி நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?" என்று சண்டைக்கு வந்தான். நேர்முகத்துக்கு ஒரு பெண்ணும் வரவில்லை.

அவளுக்குப் புரியவில்லை. "கைக்கு பா, ஏன் இப்படி? ரேணுகாவுக்கு எல்லாம் சரியாத்தானே வந்துச்சு?"

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "உங்க ரேணுகாகிட்ட சொந்தமா போன் இருக்கு" என்றேன்.

"அதனால?"

"எங்க தெருவுல இருக்கிற ரேணுகாகிட்ட இல்ல. அவ புருஷன் போன்லதான் சாயங்காலம் பாப்பா. பகல்ல அந்தப் போன் அவனோட வேலைக்குப் போயிடும். எங்க அம்மா போன் என் தம்பி சட்டைப் பையிலதான் இருக்குது. நீங்க எந்தச் சைட்டுல போட்டாலும் அது நம்பர் கேக்கும். நம்பரே கேக்காத சைட் வேணும். எங்க வரணும், எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் எழுதிட்டா, அவளுங்க நாலு பேரா சேர்ந்து நடந்தே வருவாங்க."

அப்படி ஒரு தளம் இருந்தது. இலவசம்; உள்ளே நுழையாமலேயே யாரும் பார்க்கலாம்; பார்த்தவர்களின் பெயர் விவரம் எதுவும் நம் கைக்கு வராது என்பதால் எங்கள் ஆபீஸில் யாரும் அதைத் தொட்டதில்லை. அதில் போட்டோம். பெண்கள் வந்தார்கள். கும்பலாக, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் எங்கள் எதிர்வீட்டு அக்காவும் இருந்தாள்.

அந்த ஒரு நாள் என்னுடையதாக இருந்தது. மறுநாள் அந்த சர்க்யூட் போர்டு கம்பெனி ஓனர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து, போன் இல்லாத ரேணுகாவாக நடித்துக் காட்டினாள். புருஷன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனை எடுத்து விளம்பரத்தைப் பார்ப்பதும், அவன் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் போனைப் பழைய இடத்தில் பழைய கோணத்தில் வைப்பதும். ஓனர் கைதட்டினார். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முடித்ததும் அவள் என் தோளைப் பிடித்து, "இது என் ஐடியா இல்ல சார், இவளோடது" என்றாள். எல்லோரும் சிரித்தபடியே தலையாட்டினார்கள். ஓனர் போகும்போது அவளிடம் விசிட்டிங் கார்டு கேட்டார்.

அவள் திருடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் திருடுகிறவள் இல்லை. கொடுத்துவிட்டுத்தான் போனாள், ஆனாலும் என் கையில் ஒன்றும் இல்லை.

கொண்டாப்பூர் கிளைக்கு இடம் பார்த்து, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை சார் எங்கள் மேஜைப் பக்கம் வந்து, அவளிடம், "அம்மா, கொண்டாப்பூர் நீ பாத்துக்கோம்மா" என்றார். தெலுங்கில் சொன்னார். எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் எனக்கு அதே இடத்தில்தான் வலித்திருக்கும்.

அவள் நிமிரக்கூட இல்லை. "கொண்டாப்பூரா? அந்த டிராஃபிக்ல தினமும் யார் சார் போறது? நக்கோ. வெளியிலேர்ந்து யாரையாவது எடுங்க. எந்த சைட்ல போடலாம்னு நான் பாத்துத் தர்றேன்."

சார் என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் கொஞ்சம் நின்றது, பிறகு ஜன்னலுக்குப் போனது. "அங்க வர்ற கிளையன்ட்ஸ் எல்லாம் வேற மாதிரி இருப்பாங்க. பேசத் தெரிஞ்ச ஆளா வேணும். சரி, வெளியிலேயே எடுப்போம்" என்றார்.

எனக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி வேண்டாம் என்றால் இன்னொருத்தி என்றுதானே கணக்கு? அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? அவளுக்கும் அது தோன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த நாற்காலியை அவள் டிராஃபிக் என்று சொல்லி ஒதுக்கினாள். அதை வேறொருத்தி ஆசைப்பட்டிருக்கக் கூடும், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஆசைப்பட்டிருக்கக் கூடும் என்பது அவள் தலைக்குள் வரவே இல்லை. அவள்மேல் எனக்கு இருந்த பொறாமையில் அன்றைக்கு வந்ததுதான் பெரியது. வேண்டாம் என்று சொல்ல முடிந்ததன் மேல் வந்த பொறாமை அது.

திங்கட்கிழமை வந்ததும் கையை நீட்டினாள். "உன் ரெஸ்யூம் குடு யார். கொண்டாப்பூர் வேலைக்குச் சைட் டெஸ்ட் பண்ணணும். இதே மாதிரி வேலைக்கு வேற கன்சல்டன்சிங்க போட்டிருக்காங்க இல்ல, அதுல எல்லாம் அப்ளை பண்ணப் போறேன். இதுக்குப் பொய்யா ஆள் பண்ணினா செட் ஆகாது."

கொடுத்தேன். என்னை வைத்து அவளால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. தன் போன் நம்பரை மட்டும் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அப்புறம் பேசியது நான். என் குரல் இல்லை, ஆனால் நான்தான். இங்கிலீஷ் வார்த்தை வருவதற்கு முன்னால் நான் விடும் அந்தச் சின்ன இடைவெளி. 'மேடம்' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிப்பது. கேள்வி முழுசாக வருவதற்குள்ளேயே, "எங்க வீட்டுல நான்தான் மேடம் ஃபர்ஸ்ட் கிராஜுவேட்" என்று கொஞ்சம் தாடையைத் தூக்கிச் சொல்வது. தாடையைத் தூக்குவேன் என்று எனக்குத் தெரியாது. அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் பாதி சாப்பிட்ட டப்பாவை மூடி வைத்தேன்.

போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "கைக்கு பா மூஞ்சிய தூக்கி வச்சிட்டிருக்க? நீ சூப்பரா இருந்தே. நேர்ல வரச் சொல்லிட்டாங்க."

"என்னையா, உங்களையா?"

"உன்னத்தான். நான் உன்ன மாதிரிதானே பேசினேன்?"

அதை அவள் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் குஷாய்குடா வரும்வரை நான் அதையே திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளி, அந்த மேடம், அந்தத் தாடை, எதையும் கழிக்காமல் அப்படியே பேசியிருக்கிறாள். அவர்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பேசத் தெரிந்த ஆள் யார்? சார் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாரே, அவர் என் பேச்சை என்றைக்குக் கேட்டார்? என்னைப் போலப் பேசி அவள் வாங்கியதை நானே பேசி வாங்க முடியாதா?

அவர்கள் வரச் சொன்ன இடத்துக்கு நான் போகவில்லை. அது அவள் வாங்கியது.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு தளத்தை முடிவு செய்து கொண்டாப்பூர் விளம்பரத்தைப் போட்டாள். சனிக்கிழமை அதே தளத்தில், என் பெயரில், என் நம்பரில் நான் விண்ணப்பம் போட்டேன். இப்போது வேலை பார்க்கும் இடம் என்ற கேள்விக்கு எங்கள் ஆபீஸ் பெயரையே எழுதினேன். வந்த விண்ணப்பங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை அவளுடையது என்று எனக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் போனது போல எனக்கும் நேர்முக அழைப்பு வந்தது. அடுத்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு அவள் அதை அனுப்பியிருக்கிறாள்.

நேர்முகம் கொண்டாப்பூரில், அந்தப் புதுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். சாரும், ஒரு ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்த பெண்மணியும் உள்ளே இருந்தார்கள். வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் நல்ல சட்டை போட்டவர்கள், கோப்போடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்ததற்குப் பிறகு வேலை கேட்டு வருகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். கைக்குட்டை நனைந்துபோனது.

அவள் வெளியே வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். என் முறை வந்ததும் இனிஷியலோடு முழுப்பெயரும் சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு என் காதருகில் குனிந்தாள்.

"உன் அப்ளிகேஷன் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டேன் பா. நான்கூட பொய் ஆளா அப்ளை மட்டும்தான் பண்ணுவேன், நேர்ல வந்து உக்காந்ததில்ல. நீ கடைசி வரைக்கும் போய்ப் பாக்கறே. ஏ-ஒன் டெஸ்ட். சார்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல, போ."

"டெஸ்ட் இல்லீங்க" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அவளோடு இருந்த நாட்களில் அவள் முகம் யாருடைய முகமாகவும் இல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதுவும் அழகாகத்தான் இருந்தது, அதற்காகவும் பொறாமைப்பட்டேன்.

"கைக்கு..." என்று அவள் தொடங்கியதைக் கேட்டு முடிப்பதற்குள், நான் உள்ளே போய் அவர்கள் எதிரே உட்கார்ந்துவிட்டிருந்தேன்.